எல்லா ஷாட்டுக்கும் கைகொடுக்கும் பேடல் ராக்கெட்: நீங்களே சோதித்துத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எதிராளி உயரத் தூக்கிப் போட்ட லாப் ஒன்று உங்கள் தலைக்கு மேல் போய்விட்டது. திரும்பி ஓடுகிறீர்கள். பந்து தரையில் பட்டு, பின்கண்ணாடியில் மோதி, நினைத்ததைவிடத் தாழ்வாகத் திரும்புகிறது. முழங்காலை மடக்கி, உடம்பைக் கிட்டத்தட்டக் கடந்துவிட்ட அந்தப் பந்தை, கையை முழுதாக வீச இடமில்லாமல், மறுபடியும் உயரமான ஒரு லாபாக மாற்ற வேண்டும். கண்ணாடிச் சுவர் சூழ்ந்த களத்தில் ஜோடியாக ஆடும் ஆட்டம் பேடல். ஒரு பேடல் ராக்கெட்டின் தரத்தை நான் அந்த இடத்தில்தான் பார்க்கிறேன்.

புது ராக்கெட் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஸ்மாஷ், அதாவது தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிப்பது. நானும் பல வருடம் அதையே செய்தேன். 'டம்' என்று சத்தம் வந்தால் மனசு நிறைந்துவிடும், வாங்கியும் விடுவோம். ஆனால் ஒரு செட்டில் நீங்கள் அடிக்கும் உண்மையான ஸ்மாஷ்களை எண்ணிப் பாருங்கள். அதைப் போலப் பல மடங்கு பந்துகளைக் கண்ணாடியிலிருந்து எடுத்திருப்பீர்கள், வலையருகே தடுத்திருப்பீர்கள், உயரமான பந்தை வெட்டி ஆழத்துக்கு அனுப்பும் பந்தேகா ஆடியிருப்பீர்கள். இடைநிலையைத் தாண்டியவர்களுக்கு 'ஆல்ரவுண்ட்' என்று விற்கப்படும் ராக்கெட்டில் தேட வேண்டியது இதுதான்: ஆட்டம் கையைவிட்டு நழுவும்போது குறைந்த நஷ்டத்தோடு உங்களைக் காப்பாற்ற வேண்டும்; ஆட்டம் உங்கள் பக்கம் வந்ததும் குறுக்கே நிற்கக் கூடாது. இந்த வழிகாட்டியில் உள்ள சோதனைகளின் வரிசை முழுவதும் அதை வைத்தே அமைந்தது.

1. முதலில் உங்கள் ஆட்டத்தை எழுதுங்கள்

மூன்று போட்டிகளுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு செட் முடிந்ததும், நீங்கள் புள்ளி இழந்த விதங்களை நினைவில் இருக்கும்வரை குறித்துக்கொள்ளுங்கள். பின்கண்ணாடிப் பந்து வலையில் மாட்டியதா, லாப் குட்டையாக விழுந்ததா, தரையில் படுமுன் அடித்த வாலி நீளமாகப் போனதா, பந்தேகா எழும்பி எதிராளிக்கு வசதியாக நின்றதா? மூன்று போட்டி முடிவதற்குள் ஏதோ ஒன்றிரண்டு திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு வேண்டிய ராக்கெட் அந்தக் குறையைக் கொஞ்சமாவது தணிப்பதாக இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் ஆடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வலதுகைக்காரர் வலப்பக்கம் நின்றால் பொறுமையாகப் பந்தைக் கட்டி நிறுத்துவதும் இடம் பார்த்துப் போடுவதும் அவர் வேலை. இடப்பக்கம் நிற்பவருக்கு நடுவில் வரும் உயரமான பந்துகள் அதிகம் கிடைக்கும், முடித்துவைக்கும் பொறுப்பும் அவருக்கே. இடதுகை ஆட்டக்காரர் ஜோடியில் இருந்தால் கணக்கு மாறும். பேடல் நட்சத்திரம் அர்துரோ கோயெல்லோ இடதுகைக்காரர். வலப்பக்கம் நின்றுகொண்டே உலகத் தரத்தில் ஸ்மாஷ் அடிப்பது அவருக்கு அதனால்தான் வசதியாக இருக்கிறது.

2. எண்களைச் சரியாகப் படியுங்கள்

சர்வதேச விதிப்படி ராக்கெட்டின் நீளம் 45.5 செ.மீ.யையும், அகலம் 26 செ.மீ.யையும், தடிமன் 38 மி.மீ.யையும் தாண்டக் கூடாது. கடையில் வரும் பெரியவர்களுக்கான ராக்கெட்டுகளில் அநேகம் 38 மி.மீ.தான். ஆகவே வித்தியாசம் பிறப்பது மூன்று இடங்களில்: எடை, பேலன்ஸ், வடிவம்.

எடை சாதாரணமாக 350 முதல் 375 கிராமுக்குள் இருக்கும். உறையில் '360–375' என்று அச்சிட்டிருப்பார்கள், ஆனால் ஒரே மாடலில் இரண்டு ராக்கெட்டை எடுத்தால் பத்து கிராம்கூட வித்தியாசப்படலாம். சமையலறைத் தராசு போதும், உங்கள் கைக்கு வரும் அந்த ஒரு ராக்கெட்டையே நிறுத்துப் பாருங்கள். இடைநிலை ஆட்டக்காரர் 355–365 கிராமில் தொடங்கலாம். கை பழகியவர், வாரம் மூன்று நான்கு நாள் ஆடுபவர், 365–372 வரை தாங்குவார்.

எடையைவிட முக்கியம் பேலன்ஸ். கைப்பிடியின் அடிநுனியிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் ராக்கெட் சமநிலையில் நிற்கிறது என்பதே அது. ஒரு சுத்தியலைத் தலைப்பக்கம் பிடித்து ஆட்டுங்கள், பிறகு கைப்பிடி நுனியில் பிடித்து ஆட்டுங்கள். எடை அதேதான், ஆனால் இரண்டாவது முறை மணிக்கட்டு திணறும். வீட்டிலேயே அளக்கலாம். மேசையில் உருண்டையான ஒரு பென்சிலை வைத்து, அதன் குறுக்கே ராக்கெட்டைக் கிடத்தி, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அடிநுனியிலிருந்து அளவெடுங்கள். மணிக்கட்டுக் கயிற்றைக் கைப்பிடியோடு மடித்து வைக்க மறக்காதீர்கள், தொங்கவிட்டால் அளவு பொய்யாகும். சுமார் 25.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் கைப்பக்க எடை, வாலியில் சட்டென்று திரும்பும். 26 ஒட்டி நடுத்தரம். 26.5க்கு மேலே போகப் போகத் தலைப்பக்கம் கனக்கும், ஸ்மாஷுக்கு உதவும், தாமதமான பந்தில் தண்டனை தரும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு சின்னக் கணக்கு. 370 கிராம், 26.5 செ.மீ. பேலன்ஸ் உள்ள ஒரு ராக்கெட்டின் கைப்பிடிமேல் 6 கிராம் ஓவர்கிரிப் பட்டை சுற்றினால் பேலன்ஸ் ஏறக்குறைய 26.2க்கு இறங்கும். அதில் ஓவர்கிரிப் இல்லாமல் தலையில் 8 கிராம் பாதுகாப்பு டேப் மட்டும் ஒட்டினால் 26.9க்கு ஏறும். இரண்டும் சேர்ந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும், ஆனால் மொத்த எடை 384 கிராம். அதனால் அளப்பதாக இருந்தால், நீங்கள் உண்மையில் ஆடப்போகும் நிலையில், கிரிப்பும் டேப்பும் சேர்த்தே அளங்கள்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. வட்ட வடிவில் ஸ்வீட் ஸ்பாட் (பந்து பட்டால் மிக நன்றாகப் போகும் இடம்) பெரிது, நடுவில் இருக்கும். டைமண்டில் அது சிறுத்து மேலே ஏறும். கண்ணீர்த்துளி வடிவம் இரண்டுக்கும் இடையில். பேடல் ஆட்டக்காரர் மிகேல் லம்பெர்த்தி பெயரில் வரும் நாக்ஸ் எம்.எல்.10 வட்டம், இன்னொரு ஆட்டக்காரர் அகுஸ்தின் தாப்பியா பெயரில் வரும் நாக்ஸ் ஏ.டி.10 கண்ணீர்த்துளி, புல்பேடல் வெர்டெக்ஸ் டைமண்ட். இந்த மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தாலே வடிவம் என்ன செய்கிறது என்பது புரிந்துவிடும். ஆல்ரவுண்ட் தேடுபவர் கண்ணீர்த்துளியில் தொடங்குவது இயல்பு. ஆனாலும் நல்ல வட்ட ராக்கெட்டை 'தொடக்கநிலைக்காரர் சாமான்' என்று ஒதுக்காதீர்கள். வலப்பக்கம் ஆடும் தேர்ந்த ஆட்டக்காரருக்கு அது அருமையான ஆயுதம்.

3. முகமும் உள்ளிருக்கும் ஃபோமும்

பந்து படும் பரப்பைத்தான் முகம் என்கிறோம். ஃபைபர்கிளாஸ் முகம் வளைந்து கொடுக்கும், மெதுவான வீச்சிலும் பந்தைத் தள்ளும். கார்பன் முகம் விறைப்பு, வேகமாக வீசினால் துல்லியம் தரும். 3கே, 12கே, 18கே என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நூற்கற்றையில் எத்தனை ஆயிரம் கார்பன் இழைகள் என்பதுதான் அந்த எண். 3கே என்றால் 3000 இழைகள். எண் பெருக்கப் பெருக்க ராக்கெட் உயர்ந்தது என்றோ விறைப்பானது என்றோ அர்த்தமில்லை. எத்தனை அடுக்கு வைத்தார்கள், எந்தப் பிசினில் ஊற வைத்தார்கள், உள்ளே என்ன ஃபோம் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் கைக்கு வரும் உணர்வை முடிவு செய்கிறது.

உள்ளே பெரும்பாலும் ஈ.வி.ஏ. ரப்பர் இருக்கும். மிருது, நடுத்தரம், கடினம் என்று பிரிப்பார்கள். ஒரு நிறுவனத்தின் 'நடுத்தரம்' இன்னொரு நிறுவனத்தின் 'கடினம்' ஆகக்கூடும். மிருதுவான ஃபோம், கை வீசாமலே பந்தை வெளியே அனுப்பும். தற்காப்பில் அது வரம், வலையருகே வேகமான பந்தைத் தடுக்கும்போது அதே குணம் பந்தை நீளமாகப் பறக்கவிடும். கடினமான ஃபோம் நீங்கள் கொடுப்பதைத்தான் திருப்பிக் கொடுக்கும். மூன்றாவது செட்டில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றால் அதுவும் ஒன்றும் தராது.

ஈ.வி.ஏ. குளிரில் இறுகும், வெயிலில் இளகும். நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்திலேயே சோதியுங்கள். உச்சிவெயிலில் மூடிய காருக்குள் கிடந்த ராக்கெட்டை எடுத்து ஆடிப்பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சொரசொரப்பான முகத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பந்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பற்றும், உண்மைதான். ஆனால் சுழற்சியில் பெரும்பங்கு உங்கள் வீச்சுடையது, அந்தச் சொரசொரப்பும் ஆட ஆடத் தேயும். அதற்காக மட்டும் ஒரு ராக்கெட்டை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

4. களத்துக்குப் போகுமுன் ஒரு தட்டுச் சோதனை

கைப்பிடியைத் தளர்வாக, இரண்டு விரலும் கட்டைவிரலும் மட்டும் படும்படி பிடியுங்கள். மற்றக் கையில் பந்தை எடுத்து முகத்தின் நடுவில் மெல்லத் தட்டுங்கள். திடமான, குட்டையான ஒலி வரும், விரலில் அதிர்வு அநேகமாக இராது. அங்கிருந்து நுனியை நோக்கி இரண்டு விரற்கடை நகர்ந்து தட்டுங்கள், பிறகு தொண்டைப் பக்கம் (தலை கைப்பிடியோடு சேரும் இடம்), பிறகு இரு ஓரங்கள். ஒலி வெற்றொலியாக மாறி, கைப்பிடி விரலுக்குள் திருகத் தொடங்கும் எல்லை ஒன்று வரும். அந்த எல்லைக்குள் இருக்கும் பரப்புதான் அவசரத்தில் உங்களுக்கு மிஞ்சும் இடம். பழைய ராக்கெட்டையும் அதேபோல் தட்டி ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. விளம்பரத்தில் 'விரிந்த ஸ்வீட் ஸ்பாட்' என்று போட்ட சிலவற்றில் ஓரத்துக்கு நகர்ந்ததுமே திருகுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே ஆடிய ராக்கெட் என்றால் தலையின் மேல்விளிம்பிலும் தொண்டை இணையும் இடத்திலும் நகத்தால் வருடுங்கள். நகம் வழுக்கினால் பெயின்ட் கீறல். நகம் மாட்டினால் விரிசல்.

5. களத்தில்: பின்னாலிருந்து முன்னுக்கு

கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். புதிதாகத் திறந்த பந்துகள், உங்கள் பழைய ராக்கெட், பொறுமையான ஒரு நண்பர். இரண்டு ராக்கெட்டிலும் கைப்பிடித் தடிமன் ஒன்றாக இருக்கும்படி ஓவர்கிரிப் சுற்றிக்கொள்ளுங்கள். மெல்லிய பிடியில் கை அதிகமாக இறுக்கும், அந்தச் சோர்வை ராக்கெட்டின் தலையில் கட்டிவிடுவீர்கள். ஒவ்வொரு பயிற்சியையும் பழையது 10, புதியது 10, புதியது 10, பழையது 10 என்ற வரிசையில் ஆடுங்கள். எப்போதும் பழையதில் தொடங்கிப் புதியதில் முடித்தால், உடம்பு சூடேறிய பலனெல்லாம் புதியதன் கணக்கில் சேர்ந்துவிடும்.

முதல் பயிற்சி, பின்கண்ணாடியிலிருந்து லாப். நண்பர் பந்தை ஆழமாகப் போடட்டும், கண்ணாடியில் பட்டுத் திரும்பியதும் லாப் ஆடுங்கள். சர்வீஸ் கோடு வலையிலிருந்து 6.95 மீட்டரில் இருக்கிறது, களத்தின் பாதி 10 மீட்டர். எனவே அந்தக் கோட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே சுமார் 3 மீட்டர்ப் பட்டை ஒன்று கிடைக்கிறது. உங்கள் லாப் அந்தப் பட்டையில் விழுந்தால் ஒரு புள்ளி. இருபதுக்கு எத்தனை என்று எழுதுங்கள். அதே எண்ணிக்கையை, இந்த முறை வேண்டுமென்றே ஓரடி தாமதமாகப் போய், கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆடுங்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பதினைந்து பத்தாகக் குறைந்தால் ராக்கெட் மன்னிக்கிறது. பதினாறு ஐந்தாகச் சரிந்தால், நன்றாக நிற்கும்போது மட்டும் நன்றாக இருக்கும் ராக்கெட் அது. எனக்குத் தெரிந்து இதைவிட உண்மை பேசும் சோதனை வேறில்லை.

அடுத்து தாழ்ந்த பந்துகள். வலையின் உயரம் நடுவில் 88 செ.மீ., ஓரங்களில் 92. எதிராளியின் காலடியில் மெதுவாக விழும் சிக்கீட்டாவை நடு வலையின் மேல் ஆடிப்பாருங்கள். ராக்கெட் பந்தைத் தானாகத் துள்ளிவிட்டால் அது எழும்பி நின்று அடி வாங்கும். பிறகு வலையருகே நின்று, நண்பரை உங்கள் உடம்பைப் பார்த்து வேகமாக அடிக்கச் சொல்லுங்கள். வீசாதீர்கள், வெறுமனே தடுங்கள். பந்து எதிர்ப்பக்கம் எங்கே விழுகிறது, ராக்கெட் எத்தனை முறை கையில் திருகுகிறது என்று மட்டும் கவனியுங்கள். தலை கனத்த ராக்கெட் என்றால் உடம்பின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு அதை மாற்றும்போது நேரம் போதாமல் தவிப்பீர்கள், அதை உடனே உணரலாம்.

பந்தேகா தனிக் கவனம் வேண்டிய ஷாட். ஸ்பானிய மொழியில் தட்டு என்று பொருள். உயரமான பந்தை, தட்டு ஏந்துவதுபோல் கையை வைத்து, வெட்டிச் சுழற்றி ஆழத்துக்கு அனுப்பி, வலையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் நோக்கம். இருபது பந்தேகா ஆடுங்கள். இங்கே மதிப்பெண் போடுவது நீங்கள் அல்ல, எதிரே நிற்கும் நண்பர். கண்ணாடியில் பட்டபின் பந்து அவர் இடுப்புக்குக் கீழே கிடந்ததா, மேலே எழுந்து வசதி செய்ததா என்று அவர் சொல்லட்டும். பதினைந்தாவது பந்துக்குப் பிறகு தோள் எப்படி இருக்கிறது என்பதையும் குறியுங்கள். ஒரு போட்டியில் இதைவிட எத்தனையோ முறை அந்தக் கை மேலே போகப்போகிறது. விபோரா கையில் இருப்பவர்கள் அதையும் பத்து ஆடலாம், பக்கச் சுழற்சியோடு கடிக்கும் அந்த ஷாட்டில் முகத்தின் விறைப்பு நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஸ்மாஷ். பத்து போதும். நேரடியாக அடித்து, எதிர்ப்பக்கப் பின்கண்ணாடியில் மோதி உங்கள் பக்கமே திரும்ப வைப்பது ஐந்து, மேற்சுழற்சி கொடுத்துப் பக்கச் சுவரின் 3 மீட்டர் உயரத்தைத் தாண்ட வைப்பது ஐந்து. பழைய ராக்கெட்டைவிட ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை. பாதியாகக் குறைந்தால் யோசியுங்கள். சர்வீஸைச் சோதிக்கத் தேவையில்லை. இடுப்புக்குக் கீழே மெதுவாக ஆடுவதில் ராக்கெட்டின் குணம் அவ்வளவாக வெளிப்படாது.

6. களைப்பில் ஒரு போட்டி, மறுநாள் காலையில் முழங்கை

பயிற்சி எண்கள் நன்றாக வந்தால் மூன்று செட் முழுப்போட்டி ஆடுங்கள். முதல் செட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றாவது செட்டில் உங்கள் லாப் குட்டையாகிறதா, வாலியில் ராக்கெட் தாமதமாக வருகிறதா என்பதே கேள்வி.

மறுநாள் காலை, கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, தண்ணீர் நிறைந்த சொம்பு ஒன்றை மேலிருந்து பிடித்துத் தூக்குங்கள். முழங்கையின் வெளிப்புறத்தில் சுருக்கென்று வலி எடுத்தால் அந்த ராக்கெட் இப்போதைக்கு வேண்டாம். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உங்க லெவலுக்கு இதுதான் சரி" என்று ஒரு விற்பனையாளர் சொன்னதை நம்பி, கடினமான ஃபோம் வைத்த 375 கிராம் டைமண்ட் ஒன்றை வாங்கினேன். முதல் வாரமே காலையில் பல் தேய்க்கும்போது முழங்கை முனகியது. பழகிவிடும் என்று விட்டேன். ஆறாவது வாரத்தில் கதவுக் குமிழைத் திருக முடியவில்லை. மூன்று மாதம் களத்துக்கே போகவில்லை. ஏற்கெனவே முழங்கை வலி உள்ளவர்கள் மிருது அல்லது நடுத்தர ஃபோம், 365 கிராமுக்குக் குறைவு, 26க்கு மேற்படாத பேலன்ஸ் என்ற எல்லையைத் தாண்டவே வேண்டாம். வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

7. வாங்கியபின் நகாசு வேலை

கொஞ்சம் தலை கனக்கிறது, மற்றபடி எல்லாம் பிடித்திருக்கிறது என்றால் இன்னொரு ஓவர்கிரிப் சுற்றிப்பாருங்கள், பேலன்ஸ் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கைப்பக்கம் வரும். ஸ்மாஷில் எடை போதவில்லை என்றால் தலையின் உச்சியில் ஈய டேப் இரண்டு கிராமில் தொடங்குங்கள். அடிதாஸ் மெட்டல்போன் வரிசையில் எடையைத் திருகாணியால் மாற்றும் வசதியே உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, லாப் பயிற்சியைத் திரும்ப ஆடி எண்ணைப் பாருங்கள். கனமற்ற ராக்கெட்டில் எடை கூட்டுவது எளிது. கனத்த ராக்கெட்டில் குறைக்க வழியில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் இலேசானதை எடுங்கள்.

போன முறை என் நோட்டில் கடைசி இரண்டு ராக்கெட்டுகள் நின்ற கணக்கு இது. ஒன்று 12கே முகமும் 26.8 பேலன்ஸும் உள்ள டைமண்ட்: சாதாரண லாப் 15, தாமதமான லாப் 6, பந்தேகா 11, ஸ்மாஷ் 8. மற்றது நடுத்தர ஃபோமும் 26.1 பேலன்ஸும் உள்ள கண்ணீர்த்துளி: 15, 11, 14, 6. டைமண்ட் கையில் இருந்தவரை ஒவ்வொரு ஸ்மாஷுக்கும் பக்கத்துக் களத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். 362 கிராம் எடையுள்ள அந்தக் கண்ணீர்த்துளியைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன், இன்றுவரை அதில்தான் ஆடுகிறேன்.